நடுவில் அகப்பட்டவர்கள்: கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை

1752-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கோவளத்துக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிப்பதற்காக ராபர்ட் கிளைவ் வந்திருந்தான். அவனுடன் வந்த படை பரிதாபமானது. இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்த 200 பேர்; புதிதாகச் சேர்க்கப்பட்ட சிப்பாய்கள் 500 பேர். கோட்டையிலிருந்து வந்த குண்டுகளில் ஓரிருவர் சாய்ந்தவுடனேயே மற்றவர்கள் அனைவரும் முதுகு காட்டி ஓடினர். கிளைவ் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் முன்னே நின்று அவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறிதொரு சமயம் பீரங்கிச் சத்தம் கேட்டுக் கலங்கிய காவற்காரன் ஒருவன் காணாமற்போனான். சில மணி நேரம் கழித்து, ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருந்த அவனைக் கண்டுபிடித்தார்கள்.

கிளைவைப் பற்றி எழுதிய மெக்காலே இந்தக் கிணற்றுக் கதையை ஏளனத்தோடு சொல்லிச் செல்கிறார். எனக்கென்னவோ அந்தப் பெயரற்ற மனிதன் மீது சிறிதும் ஏளனம் தோன்றவில்லை. தன்னுடைய சண்டையல்லாத ஒரு சண்டையில், தனக்குத் தெரியாத ஒரு நிலத்தில், உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவனாவது கூலி வாங்கிக்கொண்டு வந்தவன். கூலியும் வாங்காமல், கொடியும் பிடிக்காமல், அந்தக் கோட்டையைச் சுற்றியிருந்த ஊர்களில் வாழ்ந்த மக்கள் என்ன செய்தார்கள்?

இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்காக அறியப்படும் சிறுசேரியிலிருந்து கோவளம் பீரங்கி ஒலி கேட்கும் தூரம்தான். நாவலூர், படூர், கேளம்பாக்கம், தையூர், திருவிடந்தை என்று கடலுக்கும் ஏரிகளுக்கும் இடையில் வரிசையாகக் கிடக்கும் ஊர்கள் இவை. கர்நாடகப் போர்களைப் பற்றிய நூல்களில் தளபதிகள் இவ்வழியே போகிறார்கள், வருகிறார்கள். வழியிலிருந்த ஊர்க்காரர்கள் வாக்கியத்தின் ஓரத்தில்கூடத் தென்படுவதில்லை. ஆயினும் சற்றுப் பொறுமையாகத் தேடினால், இங்கொன்றும் அங்கொன்றுமாக அவர்களுடைய காலடித் தடங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. அந்தத் தடங்களைத் தொடர்ந்து போவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நில அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். வடக்கே ஆங்கிலேயரின் சென்னை. தெற்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. மேற்கே, கொளவாய் ஏரியைக் காப்பாகக் கொண்ட செங்கற்பட்டுக் கோட்டை. கடலோரத்தில் டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினம். இவற்றுக்கு நடுவே கோவளம்: 1720-களில் ஆஸ்டெண்டு கம்பெனியார் சரக்குக் கிடங்கு வைத்திருந்த இடம், பின்னர் நவாபின் கோட்டை எழுந்து சாதத் பந்தர் என்று பெயர் பெற்ற துறை. இவர்களில் எவர் எவரோடு பொருதினாலும் படை நடக்கும் வழி இந்தக் கீற்று நிலத்தின் மீதுதான்.

கோவளத்தைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த கதையே ஒரு பாடம். 1750-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் துறைக்கு எதிரே வந்து நங்கூரமிட்டது. ஸ்கர்வி நோயால் மாலுமிகள் சாகக் கிடக்கிறார்கள், கரையிறங்க இடம் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று தலைவன் வேண்டினான். கோட்டைத் தலைவன் இரங்கினான். நோயாளிகளாக உள்ளே வந்தவர்கள் ஆடைக்குள் ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தனர். அன்றிரவே கோட்டை கைமாறியது. இத்தகைய காரியங்கள் நடந்த கரையில், அடுத்த முறை உண்மையிலேயே அடைக்கலம் கேட்டு வருபவனுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? போர் நாட்களில் முதலில் அழிவது வீடுகளல்ல, இந்த நம்பிக்கைதான் என்று தோன்றுகிறது.

கலகம் நெருங்குகையில் எளிய மனிதனுக்கு எழும் முதற் கேள்வி, எப்போது கிளம்புவது என்பது. சீக்கிரம் கிளம்பினால் நின்ற பயிர் போகும். தாமதித்தால் உயிர் போகும். செய்தியோ வதந்தியோடு பிணைந்தே வந்து சேரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே நாளில் ஒன்றுக்கொன்று முரணான எத்தனை செய்திகளை அந்த மனிதர் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்! துபாஷியாக, கவர்னருக்கு அருகிலேயே இருந்தவரின் நிலையே அதுவென்றால், ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விந்தை. 1780 ஜூலையில் ஹைதர் அலி கணவாய்களைக் கடந்து கர்நாடகத்துக்குள் இறங்கியபோது, செய்தியை நம்ப மறுத்தது கோட்டையில் இருந்த கவுன்சில்தான். உருப்படியான ஆணைகள் பிறப்பதற்கு முன்பே, எரியும் ஊர்களின் புகை பரங்கிமலையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது என்று மைசூர் வரலாற்றை எழுதிய வில்க்ஸ் குறிப்பிடுகிறார். ஆகஸ்டில் மைசூர்க் குதிரைப்படை சாந்தோம் வரை வந்து சூறையாடியது. கவுன்சிலார் காகிதத்தில் விவாதித்துக்கொண்டிருந்த அந்நாட்களில் சுற்றுப்புற ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கறுப்பர் நகருக்குள் நிறைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆணை எதுவும் தேவைப்படவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, 1769-இல், இதே ஹைதர் இதே பரங்கிமலை வரை குதிரையில் வந்து கம்பெனியாரை உடன்படிக்கைக்குப் பணிய வைத்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை. ஊராரின் நினைவு, அரசாங்கத்தின் நினைவைவிட நீளமானது.

அடுத்த கேள்வி, எங்கே போவது. கோட்டைக்கு என்பதுதான் உடனே தோன்றும் விடை. கோட்டை உண்மையில் அடைக்கலம் தந்ததா? செங்கற்பட்டையே எடுத்துக்கொள்வோம். விஜயநகரத்தார் எழுப்பிய உறுதியான கோட்டை. ஒரு பக்கம் ஏரி. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில மைல்களுக்கு அப்பால் காஞ்சிபுரத்திலேயே இருந்த சர் ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினான். வந்து பார்த்தால், படைக்குப் போதுமான தானியம் அங்கே இல்லை. மறுபடியும் நடந்து செப்டம்பர் 14-ஆம் நாள் சைதாப்பேட்டைப் பக்கம் வந்து சேர்ந்தான். சுவர் இருந்தது, சோறு இல்லை. பட்டாளத்துக்கே இந்தக் கதியென்றால் அங்கே ஒதுங்க வந்த குடியானவனுக்குக் கொடுக்க என்ன இருந்திருக்கும்?

கோயில் மதில்களின் கதை இன்னும் சிக்கலானது. தொண்டை நாட்டின் பெரிய கோயில்கள் அனைத்தும் உயர்ந்த கருங்கல் மதில்களைக் கொண்டவை. உள்ளே குளம், கிணறு, மண்டபம், நெற்களஞ்சியம். மக்கள் ஒதுங்க இதைவிடத் தகுந்த இடம் ஏது என்று நமக்குத் தோன்றும். தளபதிகளுக்கும் அதுவேதான் தோன்றியது. காஞ்சிபுரத்துக் கோயில்கள் இந்தப் போர்களில் மீண்டும் மீண்டும் படை தங்கும் அரண்களாயின. எந்த மதில் குடிமக்களைக் காக்க வல்லதோ அதே மதில் படையை அழைத்து வந்தது. படை வந்தபின் எதிர்ப்படையும் வந்தது. வலுவான இடம் பத்திரமான இடம் என்ற கணக்கு இங்கே பிசகிவிடுகிறது. எவரும் விரும்பாத இடமே பத்திரமானது: முட்புதர், பனங்காடு, உப்பங்கழியின் மறுகரை.

தெய்வங்களே இதை அறிந்திருந்தன என்று சொன்னால் நண்பர்கள் தவறாக எண்ண மாட்டார்கள் என்று நம்புகிறேன். 1688-ஐ ஒட்டி முகலாயப் படைகள் பற்றிய அச்சம் பரவியபோது காஞ்சி வரதராசர் தம் மதிலை நம்பி உள்ளே இருக்கவில்லை. உற்சவ மூர்த்தியைப் பிணம் போலப் பாடையில் கட்டி, அழுகுரலோடு ஊரைக் கடத்திக் கொண்டுபோனார்கள் என்பது மரபு வழிச் செய்தி. உடையார்பாளையத்து ஜமீனில் பெருமாள் அடைக்கலம் புகுந்தார். அபாயம் நீங்கிய பின்னர்தான் புதுச் சிக்கல் பிறந்தது. அடைக்கலம் கொடுத்தவர் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தார்! ஆத்தான் ஜீயர் முயன்று, நவாபு சாதத்துல்லா கானின் தளபதியான தோடர்மாலின் துணையைப் பெற்று, 1710-இல் மூர்த்தி காஞ்சிக்குத் திரும்பியதைக் கோயிலில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. தோடர்மாலும் அவர் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் சிலைகளை இன்றும் அங்கே காணலாம். முகலாயரிடமிருந்து தப்ப ஓடிய பெருமாளை மீட்டுக் கொடுத்தது முகலாய வழி வந்த நவாபின் தளபதி என்பதைக் கவனித்தால், கலகக் காலத்தில் பகைவர் யார், காவலர் யார் என்பது எவ்வளவு விரைவில் இடம் மாறிவிடும் என்பது விளங்கும்.

பங்காரு காமாட்சி திரும்பவே இல்லை. பொன்னாலான அம்மன் ஊர் ஊராக அலைந்து தஞ்சையில் நிலைகொண்டாள். இன்றும் மேல வீதியில் இருக்கிறாள். அவளோடு அலைந்த அர்ச்சகர் குடும்பத்தில், திருவாரூரில் 1762-இல் பிறந்த குழந்தைதான் சியாமா சாஸ்திரிகள். காஞ்சியிலிருந்து கிளம்பிய ஒரு அகதிக் குடும்பம் இல்லையென்றால் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர் திருவாரூரில் பிறந்திருக்க மாட்டார். இதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

கோட்டையும் கோயிலும் இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: சண்டையில் சேராதவன் வீட்டில் போய் இருப்பது. இந்தக் கடற்கரையில் அந்த வீடு சதுரங்கப்பட்டினம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருந்தபோது டச்சுக்காரர் நடுநிலை வகித்துத் துணி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1754 ஜனவரியில் இரு தரப்புத் தூதர்களும் சமாதானம் பேசக் கூடிய இடமும் அதுவே. ஆங்கிலேயர் சார்பில் பாக், வான்சிட்டார்ட் ஆகியோர் வந்தனர். ஆளுக்கொரு சனதைக் காட்டி வாதாடிப் பேச்சு முறிந்தது என்பது வேறு கதை.

1758 டிசம்பரில் கவுண்ட் லாலி சென்னையை முற்றுகையிட வந்தான். கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் குடும்பங்களின் பெண்களையும் குழந்தைகளையும் எங்கே அனுப்புவது? நடுநிலை ஊரான சதுரங்கப்பட்டினத்துக்கு! கவர்னர் பிகட்டின் கவுன்சில் செய்த முடிவு எவர் கண்ணுக்கும் அறிவுடையதாகவே பட்டிருக்கும். மாசுலாப் படகுகளில் அவர்கள் ஏற்றி அனுப்பப்பட்டனர். ஆணி இல்லாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யும் படகு அது. சோழமண்டலக் கரையின் அலைகளை அது ஒன்றுதான் தாங்கும். வெள்ளைக்காரர்களின் படகுகள் நொறுங்கிவிடும். ஓட்டியவர்கள் நம் கரையோர மீனவர்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தால், பிரெஞ்சுக்காரர்கள் முன்பே சதுரங்கப்பட்டினத்தைத் தம் வசப்படுத்தியிருந்தார்கள். டச்சுக்காரரின் நடுநிலை ஒரு சிறு படையைக்கூடத் தடுக்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் பிரெஞ்சுக்காரரின் கையில் அகப்பட்டனர். படகுகளும் அகப்பட்டன. முற்றுகையிட்டிருந்த லாலிக்கு அனுப்ப வேண்டிய வெடிமருந்துப் பீப்பாய்களை அப்படகுகளில் ஏற்றி, காவலுக்குப் பிரெஞ்சுச் சிப்பாய்களை உட்கார வைத்து, மீனவர்களையே ஓட்டச் சொன்னார்கள். வழியில் படகோட்டிகள் தமக்குள் பேசி முடிவு செய்தனர். சிப்பாய்களைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். லாலியின் முகாமுக்குப் போக வேண்டிய மருந்தைக் கோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

ராபர்ட் ஓர்மின் போர் வரலாற்றில் வரும் செய்தி இது. அவர்களுடைய பெயர்களை ஓர்ம் எழுதவில்லை. அது கம்பெனியின் மீது கொண்ட விசுவாசம் என்று அவருடைய வாசகர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் படகோட்டியின் இடத்திலிருந்து ஒரு கணம் பாருங்கள். வெடிமருந்துச் சுமையோடு, இரவும் பகலும் பீரங்கி முழங்கும் ஓர் இடத்தை நோக்கி அவன் வலுக்கட்டாயமாகப் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு பொறி பட்டால் போதும். அவனுடைய குப்பமும் குடும்பமும் சென்னைக் கரையில் இருந்திருந்தால் அவன் போக விரும்பும் திசை எது? கரையிலிருந்தபோது அவனுக்கு எந்த வலிமையும் இல்லை. அலை மீது ஏறியதும் துப்பாக்கி வைத்திருந்தவன் செயலற்றவனானான். துடுப்பு வைத்திருந்தவன் கை ஓங்கியது. தன் வலிமை எங்கே இருக்கிறதோ அந்த இடம் வரும் வரை அவர்கள் பொறுத்திருந்தார்கள். இந்தக் கரையின் போர் வரலாற்றில் கிளைவின் வெற்றியைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

இடையில் ஒரு சிறு விலகல். இதே கரையில், இதே மீனவக் குப்பங்களின் பெயர் 2017-இல் மறுபடியும் அடிபட்டது. ஜனவரி 23-ஆம் நாள் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்தவர்களைக் காவல்துறை கலைத்தபோது, சாலைப் பக்கம் போக முடியாமல் ஓடி வந்த இளைஞர்களுக்கு நடுக்குப்பத்தார் தம் வீடுகளைத் திறந்துவிட்டனர். அவர்களுடைய மீன் சந்தை அன்று எரிந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் ஒரு பெரும் மாநாடு நடந்த நாளில் மரக்காணத்தில் கலவரம் மூண்டு, வீடுகளும் பேருந்துகளும் எரிந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக்குவரத்து குலைந்தது. புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த மாநாட்டுக்கும் தொடர்பில்லை. அவர்கள் அந்தச் சாலையில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி, நடுவில் ஒரே பாதை என்னும் இந்த நிலத்தின் அமைப்பு 1752-க்குப் பிறகு பெரிதாக மாறிவிடவில்லை. இந்தச் சாலையில் முன்னால் கூட்டம் தெரியும்போதே, பக்கத்து ஊருக்குள் வண்டியைத் திருப்பி அங்கே யாரிடமாவது கேட்டு நிற்பவர்தாம் பிழைக்கத் தெரிந்தவர். என்ன நடக்கிறதென்று பார்க்க முன்னே போகிறவர், கிணற்றில் ஒளிந்த சிப்பாயைவிட அறிவில் குறைந்தவர்.

மீண்டும் பழைய கதைக்கு வருவோம். லாலியின் முற்றுகை 1759 பிப்ரவரி 17 வரை நீடித்தது. அதுவரை செங்கற்பட்டைக் கேப்டன் பிரஸ்டன் வைத்திருந்தான். தெற்கிலிருந்து முகம்மது யூசுப் கான் வந்து சேர்ந்துகொண்டான். மருதநாயகம் என்று நம் நண்பர்கள் ஆர்வத்தோடு விவாதிக்கும் அதே கான் சாகிப்தான். லாலிக்கு உணவு போகாமல் தடுப்பது இவர்களுடைய வேலை. அதைச் சிறப்பாகவே செய்தார்கள். எப்படிச் செய்தார்கள்? பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயன்படக்கூடிய ஊர்களைச் சூறையாடி, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய். கான் சாகிப்பின் வீரத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அந்த மாடுகள் யாருடையவை என்று எழுதியவர் இல்லை. கோட்டைக்குள் இருந்த கம்பெனிக்கு நட்புப் படை, ஊரில் இருந்தவனுக்கு இன்னொரு கொள்ளைப் படை. கொடியின் நிறத்தைப் பார்த்து எதிரே போய் வரவேற்றவனும், கொடி தெரியாமல் புதருக்குள் ஓடியவனும் மாட்டை இழந்தார்கள். ஓடியவனுக்கு உயிர் நிச்சயமாக மிஞ்சியது.

தப்பி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் முடிவும் இனிமையானதல்ல. 1780-இல் உள்ளே வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. சுற்றியிருந்த வயல்கள் பாழாகி, நகரம் கடல் வழியே வரும் அரிசியை நம்பி வாழ்ந்தது. 1782 அக்டோபரில் வீசிய புயலில் அரிசிக் கப்பல்கள் சென்னைத் துறையிலேயே உடைந்தன. குண்டுக்குத் தப்பியவர்கள் தெருவில் பசியால் மடிந்தனர். அந்த ஆண்டில் எழுந்த கஞ்சித்தொட்டிதான் மணியக்காரர் சத்திரம். பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அது. அங்கே வரிசையில் நின்றவர்களில் கோவளத்துப் பக்கத்தாரும் செங்கற்பட்டுப் பக்கத்தாரும் நிறையவே இருந்திருக்க வேண்டும்.

போர் ஓய்ந்தது. திரும்பியவர்கள் எதைக் கண்டார்கள்? 1812-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கை, ஜாகீர் என்று வழங்கிய இந்தச் செங்கற்பட்டுச் சீமையின் அன்றைய நிலையை விவரிக்கிறது. பல இடங்களில் மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளமாக மிஞ்சியவை எலும்புகளும், எரிந்துபோன வீடுகள், சத்திரங்கள், கோயில்கள் ஆகியவற்றின் வெற்றுச் சுவர்களுமே என்கிறது. 1794-இல் கலெக்டராக வந்த லியோனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையால் நம் எல்லோருக்கும் தெரிந்தவர். அவருக்கு முன்னால் இருந்த முதல் வேலை ஏரிகளைச் சீர்செய்வதும், உழுவதற்கு ஆள் தேடுவதும்தான். வெளியூர்களிலிருந்து பாயக்காரிகள் வரவழைக்கப்பட்டுப் பாழ் நிலங்களில் குடியேற்றப்பட்டனர்.

அதன் பிறகு பழைய மிராசுதாரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தனர். சிலர் பத்து ஆண்டு கழித்து, சிலர் அதற்கும் மேல். சில சமயம் போனவர் மாண்டு அவருடைய பிள்ளை வந்தார். வயலில் வேறொருவர் உழுதுகொண்டிருந்தார். ஊரை விட்டு ஓடியவனுக்கு உரிமை உண்டா? ஓடாதிருந்தால் செத்திருப்பான்; ஓடியதால் நிலம் போகுமா? இந்த வழக்கு ஊருக்கு ஊர் நடந்தது. பிளேஸ் மிராசுதாரர்களிடம் கடுமையாகவே நடந்துகொண்டார். பிற்காலத்தில் எல்லிஸ் துரை, நம் திருக்குறள் எல்லிஸ்தான், மிராசு உரிமையைப் பற்றித் தனியே ஆராய்ந்து 1818-இல் ஒரு நூலே வெளியிட வேண்டி வந்தது. தொண்டை மண்டலத்தில் காணியாட்சி என்பது ஊரைப் பிரிந்து வாழ்ந்தாலும் அழியாத உரிமை என்ற வாதம் அதில் வலுவாக இடம்பெற்றது. பங்கு உள்ளவன் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் தன் பங்கைக் கேட்கலாம்.

பங்கே இல்லாத பண்ணையாளும் படியாளும் அதே இரவில், அதே பாதையில், அதே புகையைப் பார்த்துத்தான் ஓடியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எந்தக் கணக்கும் வைக்கப்படவில்லை. திரும்பி வந்து கேட்பதற்கு அவர்கள் பெயரில் அந்த ஊர்களில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.